பாயை விட்டு எழாதவர்கள்

சேகர் ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வட்டிக்காரனின் ஆள் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெற்றவளையும் சேர்த்து இழுத்துத் திட்டுவான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இவன் தேய்த்த சட்டை போட்டு, நெற்றியில் சின்னதாகத் திருநீறு வைத்து, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவான். அந்த 'ங்க'வைக் கேட்டாலே தேவகுமாரி மடியிலிருக்கும் காசை எண்ணத் தொடங்கிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோயிலை விட்டு வெளியே வரும் நேரம் பார்த்து, கேட்டுக்கு எதிரே பைக்கை நிறுத்தி அதன்மேல் சாய்ந்து நின்றான். சேலத்திலிருந்து குப்பனூர் மலைப்பாதை வழியாக விடியற்காலையிலேயே ஏற்காட்டுக்கு ஏறி வந்திருக்க வேண்டும். அவனைப் பார்த்ததும் தேவகுமாரி முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதனால் என்ன பிரயோசனம்? அவன் பார்க்க வந்ததே அவளைத்தான்.

"ஏனுங்க அக்கா, பூசை நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"இந்த மாசத்துக் காசு இன்னும் வரலீங்களே. முதலாளி கேக்கறாருங்க. நான் என்னன்னு சொல்லட்டுங்க?"

பக்கத்தில் போனவர்கள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்கள். தேவகுமாரி அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக அப்படி நின்றே பழகிவிட்டது. தன் கை தானாகப் போய்க் கட்டிக்கொள்வதை நினைத்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"புதன்கெழமை தந்தர்றனுங்க."

"சரிங்க. புதன்கெழமை பதினோரு மணிக்கு நானே நீங்க வேல செய்யற லாட்ஜுக்கு வந்தர்றனுங்க. உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்." பைக்கை மிதித்துக் கிளப்பிவிட்டு, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல் திரும்பினான். "பாப்பா பத்தாவது எழுதியிருக்குதாமா? லீவுக்குச் சேலத்துல அத்தை ஊட்டுல இருக்குதுன்னு சொன்னாங்க. அந்த பஸ் ஸ்டாப்பு எங்க ஆபீசுக்கு எதுத்தாப்பலதானுங்க. தினமும் பாக்கறன். பெரிய புள்ளையாயிருச்சு. பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னான். யாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பது? அக்கறையாக விசாரித்தான் என்பார்கள். தேவகுமாரி நடையை எட்டிப் போட்டு வீடு போய்ச் சேர்ந்தாள். மகள் ஜெயகுமாரிக்கு போன் போட்டு, வீட்டை விட்டு வெளியே போகாதே என்றாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு வெயில் என்றாள்.

கடன் வந்த கதை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அவள் புருஷன் லூர்துராஜ் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவன். சவுக்குக் கம்பம் மாதிரி நெட்டுக்கு வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி நாற்பதடி ஏறிப் பறிக்க வேண்டும். ஒரு மாசி மாதக் காலையில் ஏணி வழுக்கியது. சேலத்தில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அந்தப் பதினெட்டு நாளில் வாங்கிய ஐம்பதாயிரம்தான் சேகரின் முதலாளியுடையது. மாதம் மூவாயிரம் வட்டி. எழுதாத பத்திரத்தில் மூன்று கையெழுத்து, எழுதாத செக் இரண்டு. புருஷன் மூக்கில் குழாயோடு கிடக்கும்போது எவள் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பாள்?

இரண்டு வருடம் கட்டினாள். நடுநடுவே நான்கு மாதம் விட்டுப்போனது. போன வருடம் சேகர் வந்து, "ஒரேயடியா ஒரு முப்பதாயிரம் பொரட்டிக் கட்டிப்போடுங்க அக்கா, நான் முதலாளிகிட்டப் பேசி முடிச்சுவிடறன்" என்றான். அந்த 'முடிச்சுவிடறன்' என்ற சொல்லை நம்பி அவள் மனப்பால் குடித்தாள். ஆனால் முப்பதாயிரத்துக்கு எங்கே போவது?

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. இந்த மலையில் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு; செய்யும்போது யாருக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை.

பக்கத்து ஊரான தலைச்சோலையில் பதினொரு பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி குழுவுக்குக் கடன் கொடுக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவணை. தேவகுமாரி குழுவில் இல்லை. பழனியம்மாள் இருந்தாள். லூர்துராஜ் விழுந்த அன்று மரத்தடியில் உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப் வரும்வரை உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். "என்ற பேருல எடுத்துத் தர்றன், நீ கட்டிக்கோ கண்ணு" என்றாள். ஒருத்தி பேரில் எடுத்து இன்னொருத்தி கட்டுவது. ரேஷன் கார்டில் பெயர் எழுதிய மாதிரி சாதாரணமாக நடந்து முடிந்தது. தவணை தொள்ளாயிரத்து ஐம்பது.

முப்பதாயிரத்தையும் கொண்டுபோய்ச் சேகர் கையில் கொடுத்தாள். அடுத்த மாதமும் சேகர் வந்தான். "நின்னுபோன வட்டிக்கும் அபராதத்துக்கும் அது சரியாப் போச்சுங்க. அசல் அப்படியேதான் இருக்குது" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கடனுக்கு இரண்டு கடன்.

இரண்டு கடன்காரர்களில் ஒருவன் கோயில் வாசலில் வந்து நிற்பான். இன்னொருத்தி சந்தையில் பார்த்தால் சிரிப்பாள். மாதச் சம்பளம் எட்டாயிரம் வந்ததும் காசு யாரிடம் போகும்? நாமும் அப்படித்தான் செய்திருப்போம். மாசியிலிருந்து பழனியம்மாளுக்கு ஒரு தவணைகூடக் கொடுக்கவில்லை. "அடுத்த வாரம் தந்தர்றனுங்க அக்கா" என்பாள். "பாத்துக்கலாம் கண்ணு" என்பாள் பழனியம்மாள். மிளகு விற்ற காசில் சமாளித்துக்கொள்கிறாள் போல என்று தேவகுமாரி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்த ஞாயிறு பழனியம்மாள் ஏற்காட்டுச் சந்தைக்கு வரவில்லை. மழையானாலும் வருகிறவள். முதலில் தேவகுமாரிக்கு நிம்மதியாக இருந்தது, பதில் சொல்ல வேண்டியதில்லையே என்று. பிறகு அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை லாட்ஜில் மதிய வேலை முடிந்ததும் தலைச்சோலை பஸ் ஏறினாள். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

பழனியம்மாள் வீட்டுப் பக்கவாட்டில் முளைக்குச்சி வெறுமனே இருந்தது. கயிறு சுற்றி வைத்திருந்தது. எப்போது போனாலும் அங்கே ஒரு செவலைக் கிடா நிற்கும். தேவகுமாரி வாங்கிப் போகும் பன்னில் பாதி அதற்குத்தான். மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஆடிக்கு வெட்ட வேண்டியது.

"கிடா எங்கீங்க அக்கா?"

"வித்துப்போட்டன் கண்ணு."

"ஆத்தாளுக்கு நேந்துவிட்டதாச்சேங்க."

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அடுத்த ஆடிக்கு வேற ஒண்ணு விட்டுக்கலாம்." சொல்லிவிட்டுப் பழனியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "காப்பி குடிக்கறயா?"

தேவகுமாரி காப்பி வேண்டாம் என்றாள். எவ்வளவுக்கு விற்றாள் என்று கேட்டாள். மூவாயிரத்து எண்ணூறு. அந்தக் கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான்கு தவணை. கறிக்கடைக்காரன் ஆறாயிரத்துக்கு ஒப்புக்கொண்டவன், தவணை வாங்க வரும் கம்பெனிக்காரரான 'குழு சார்' வீட்டு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் விலையைக் குறைத்துவிட்டானாம். அதுவும் தீர்ந்து, இரண்டு தவணை நிற்கிறது. நாளைக்குக் காலையில் மூன்றாவது.

"போன தடவ மூணு மணி வரைக்கும் உக்கார வெச்சுட்டாருங்களா?"

"ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். குழுவின் சட்டம் அது. ஒருத்தி கட்டவில்லை என்றாலும் பதினொரு பேரும் பாயை விட்டு எழக்கூடாது. எட்டரைக்குள் எஸ்டேட்டில் போய்ப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைக் கூலி போச்சு. பத்துப் பேர் கூலியும் போனால் அந்தப் பத்துப் பேரும் அவளை என்ன பேசுவார்கள்? சாரே வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவருக்கு வசூல் செய்துகொடுக்க ஊரே இருக்கிறது.

"நாளைக்கு நானே வந்து சொல்லிப்போடறனுங்க அக்கா. அது என்ற கடன்னு."

பழனியம்மாள் சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தில் பயத்தைத் தேவகுமாரி அன்றைக்குத்தான் பார்த்தாள். "அப்படி மட்டும் சொல்லிராத சாமி. அடுத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்தது தெரிஞ்சா கம்பெனிக்காரன் குழுவையே கலைச்சுப்போடுவான். எங்க குழுவுல பாப்பாத்திக்கு மக கலியாணம் இருக்குது, ஆவணியில. அந்த லோனை நம்பித்தான் இருக்கறா. கலாவதி ஊடு பாதியில நிக்குது. என்ற வாய மூடிட்டு நான் ரெண்டு பேச்சுக் கேட்டுக்கறன். அது ஒண்ணும் பெருசில்ல."

ஆக, உண்மையைச் சொல்லி மனப்பாரத்தை இறக்கி வைக்கக்கூட அவளுக்கு வழியில்லை. காசு மட்டும்தான் வழி. காசும் இருந்தது. பைபிள் உறைக்குள் மூவாயிரம், சீசனுக்கு வந்தவர்கள் கொடுத்த இனாமையெல்லாம் சேர்த்து வைத்தது. சேகருக்கு வைத்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு அது அவன் கையில் இல்லையென்றால் லாட்ஜ் வேலை போய்விடும். மேனேஜர் பாலசுப்பிரமணியம் போன மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஏனென்றால் போன மாதம் சேகர் வந்து வரவேற்பறை சோபாவில், சென்னையிலிருந்து வந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ரூமைச் சுத்தம் பண்றாங்களே அந்த அக்கா, காசு விசயத்துல கொஞ்சம் அப்படி இப்படிங்க, உங்க சாமானையெல்லாம் பத்திரமா வெச்சுக்குங்க" என்றிருக்கிறான். ஏழு வருடத்தில் ஒரு தலையணை உறை தவறியதில்லை அவள் கணக்கில்.

திரும்பும் பஸ்ஸில் அவள் மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அந்த முளைக்குச்சிதான் கண்ணிலேயே நின்றது. இன்னொருத்தி சாமிக்கு நேர்ந்ததை விற்றுத் தன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இவள் என்னவென்றால் பன் வாங்கிப் போயிருக்கிறாள்.

புதன்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் பைபிள் உறையோடு ஏறினாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டபோதுகூட முடிவு செய்யவில்லை என்றுதான் தோன்றியது. வாய் தலைச்சோலை என்று சொன்னது.

சமுதாயக் கூடத்துத் தரையில் நீல நிறப் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தது. மூன்று வரிசையாகப் பெண்கள் சம்மணம் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, குழு சார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவரும் பாவம், மேலே யாருக்கோ பதில் சொல்கிறவர்தான். ஆனால் அன்றைக்கு அவரைப் பாவம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்கம்மா. வர்ற வரைக்கும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

முன் வரிசையில் குழுத் தலைவி பாப்பாத்தி. ஐந்தாவது வரை படித்தவள், ஆனால் கணக்கில் அவளை ஏமாற்ற ஒருவன் பிறந்து வர வேண்டும். அவள் பழனியம்மாளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "உன்ற ஒருத்தியால பத்துப் பேரு கூலி போவுது. வாங்கித் தின்னப்ப இனிச்சுது. காசு எங்கதான் போவுது உனக்கு? புள்ளையா குட்டியா?" பிள்ளையில்லாதவளை அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று பாப்பாத்திக்குத் தெரியும். கோபத்தில் வந்துவிட்டது. பழனியம்மாள் பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தாள்.

தூணுக்குப் பின்னால் நின்று தேவகுமாரி எல்லாவற்றையும் கேட்டாள். சாருக்கு முன்னால் போய்க் காசை நீட்ட முடியாது. நீ யார் என்பார். தவணைக் காசைப் பின் வரிசையிலிருந்து கைமாற்றி முன்னால் கொடுப்பதுதான் அங்கே வழக்கம் என்பது பழனியம்மாள் எப்போதோ சொல்லி அவளுக்குத் தெரியும். அவள் குனிந்து வந்து பாயின் கடைசியில், கலாவதிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதை எண்ணி மடித்துக் கலாவதியின் கையில் வைத்தாள்.

"முன்னால குடுங்க அக்கா. பழனியம்மா அக்காளுது."

கலாவதி காசைப் பார்த்தாள். திரும்பித் தேவகுமாரியின் முகத்தைப் பார்த்தாள். முன்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் வாங்கிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அடுத்தவள். காசு ஒவ்வொரு கையாகப் போகப் போக ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. லூர்துராஜ் பெண்டாட்டி என்று அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏற்பட்ட கடன் தெரியும். போன வருடம் பழனியம்மாள் எதற்குத் திடீரென்று முப்பதாயிரம் எடுத்தாள் என்பது இப்போது தெரிந்தது. பழனியம்மாள் மட்டும் திரும்பவேயில்லை.

கடைசியாகப் பாப்பாத்தியின் கைக்கு வந்தது. சார் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இது எங்கிருந்து வந்துச்சு?"

"ஊட்டுல இருந்து வந்துச்சு. எண்ணுங்க சார், நேரமாவுது" என்றாள் பாப்பாத்தி.

சார் எண்ணி, தவணை அட்டையில் மூன்று கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் பைக் திருப்பத்தில் மறைந்தது. எட்டேகால். ஓடினால் பேர் கொடுத்துவிடலாம். ஒருத்தியும் எழவில்லை.

பாப்பாத்தி பழனியம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. நேராகத் தேவகுமாரியிடம்தான் வந்தாள், அதே கோபத்தோடு. "உனக்குக் குடுத்தவன் ஆரு? எவ்வளவு வாங்கின, எவ்வளவு குடுத்த, சொல்லு."

தேவகுமாரி சொன்னாள். மூன்று வருடம், மாதம் மூவாயிரம், நான்கு மாதம் போக. அப்புறம் அந்த முப்பதாயிரம். எழுதாத பத்திரத்தையும் செக்கையும், ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில் சேகர் கோயில் வாசலில் வந்து நிற்பதையும் சொன்னாள். பாப்பாத்தி விரலை மடக்கிக் கூட்டினாள். "தொண்ணூத்தாறும் முப்பதும் ஒண்ணு இருபத்தாறு. அம்பதாயிரத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் குடுத்திருக்கற. அசல் இன்னும் அப்படியே இருக்குதுங்கறானா?"

"ஆமாங்க."

"அட்டை குடுத்திருக்கறானா?"

"இல்லீங்க."

"கையெழுத்து?"

"அவங்க நோட்டுலதான் எழுதிக்குவாங்க."

பாப்பாத்திக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடக் குழு வாழ்க்கையில் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாய் கைமாற விட்டதில்லை அவள். "நம்மள உக்கார வெச்சு உசுர எடுக்கற இந்தக் கம்பெனிக்காரன்கூட கட்டத்துக்குக் கட்டம் கையெழுத்துப் போட்டுத் தர்றானேடி. அட்டையில்லாம முப்பத்திரெண்டு மாசமா?" என்றாள். அவளுக்கு அநியாயத்தைவிட அந்த அட்டையில்லாததுதான் பெரிய குற்றமாகப் பட்டது.

தேவகுமாரிக்கு அதற்கு மேல் இருக்க நேரமில்லை. ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தாள். கிளம்பும்போது பழனியம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். "அந்தப் பையனுக்கு வெச்ச காசா இது?" என்று கேட்டாள். தேவகுமாரி பைபிள் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

பதினோரு மணிக்குச் சரியாகச் சேகர் வந்தான். சீசன் நேரம், வரவேற்பறையில் அறை காலி செய்கிறவர்களும் அறைக்குக் காத்திருப்பவர்களுமாகப் பெட்டிகளும் குழந்தைகளும். அவன் சோபாவில் இடம் பார்த்து உட்கார்ந்தான்.

"கொண்டாந்துட்டீங்களா அக்கா?"

"இல்லீங்க."

அவன் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான். வழக்கமாக 'இல்லீங்க'வுக்குப் பிறகு ஒரு தேதி வரும். இன்றைக்கு வரவில்லை. அவளிடம் சொல்லத் தேதி இல்லை.

"அப்பறம் எப்பங்க?"

"தெரியலீங்க."

சேகர் முதல் முறையாகக் கொஞ்சம் குரலை உயர்த்தினான். அப்போதும் 'ங்க'வை விடவில்லை. வாங்கினவங்க வாங்கின மாதிரி இருக்கோணுங்க, செக்கு எங்ககிட்டத்தானுங்க இருக்குது, நாளைக்கே பேங்குல போட்டா போலீசு ஊட்டு வாசல்ல நிக்கும்ங்க, அப்பறம் பாப்பா படிப்பு என்னாவறதுங்க என்று அடுக்கினான். பெட்டியோடு நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு அம்மாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டதைத் தேவகுமாரி பார்த்தாள்.

பாலசுப்பிரமணியம் கெட்ட மனிதர் இல்லை. சேகரை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் துணி அறைக்குக் கூப்பிட்டுப் போனார். "நான் முன்னாடியே சொன்னனா இல்லீங்களா? ஓனர் கேமராவுல பாத்துட்டு போன் பண்றாருங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றார். இருபது நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார். அவள் விரிப்புகளை மடித்து எண்ணி நோட்டில் எழுதி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். ஏரிக்கரை ஓரமாக நடந்து போகும்போது அழுதாள். படகுக்கு வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சம்பளக் காசைச் சேகருக்கே கொடுத்துவிடலாம் என்று பத்துத் தடவை தோன்றியது. கொடுத்தால் ஒரு மாதம் தூங்கலாம். அப்புறம்? அடுத்த மாதமும் அதே கோயில் கேட்டு, அதே கைகட்டு. ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். ஆனால் அவன் வீட்டுக்கு வருவான். அல்லது அந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நிற்பான். அதற்குக் கோயில் வாசலே மேல் என்று கிளம்பினாள்.

பூசை முடிந்து வெளியே வந்தாள். சேகர் இருந்தான். இந்த முறை பைக்கில் சாயாமல் நேராக நின்றான். அவள் கேட்டைத் தாண்டியதும் எதிரே வந்தான்.

"ஏனுங்க அக்கா."

"ஏனுங்க தம்பி" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பாப்பாத்தி. கையில் சந்தைப் பை. அவளுக்குப் பின்னால் கலாவதி. அதற்குப் பின்னால் பழனியம்மாள். அப்புறம் மற்ற எட்டுப் பேரும், ஆளுக்கொரு பையோடு. சந்தைக்கு வருகிற பெண்கள் கோயில் பக்கம் வரமாட்டார்கள். அவர்கள் வழி வேறு. "நீங்கதானுங்களா சேகரு?"

"ஆமாங்க. நீங்க?"

"நாங்க தலைச்சோலைங்க. இந்தப் புள்ள உங்களுக்குக் குடுத்த காசுக்கு அட்டை இல்லைன்னு சொல்லுதுங்க. ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். வாங்கினதா ஒரு தாள்ல எழுதி, உங்க முதலாளி கையெழுத்தோட குடுத்துப்போடுங்க. அந்த வெத்துப் பத்திரத்தையும் செக்கையும் குடுத்துப்போடுங்க. நாங்க போயிட்டே இருக்கறம்."

சேகர் சிரித்தான். "அதெல்லாம் முதலாளிகிட்டத்தானுங்க இருக்குது. சேலத்துல."

"சரிங்க. போன் பண்ணி வரச்சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பாப்பாத்தி சந்தைப் பையை இறக்கி வைத்தாள். பைக்கின் முன் சக்கரத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கலாவதி உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக, பைக்கைச் சுற்றி, மூன்று பக்கமும். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் அவனைத் திட்டவும் இல்லை.

"என்னங்க இது? எந்திரிங்க, நான் போவோணும்."

"நீங்க இருங்க தம்பி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. வர்ற வரைக்கும் இருக்கலாம்" என்றாள் பாப்பாத்தி. "எங்களுக்கு இது பழக்கந்தான்."

பூசை முடிந்து போனவர்கள் நின்றார்கள். இத்தனை நாளும் வேகமாகக் கடந்து போனவர்கள்தான். சேகர் போனை எடுத்துக் காதில் வைத்தான். எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். அடுத்த வாரம் இவன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாம். செக்கை பேங்கில் போடலாம். ஜெயகுமாரி இன்னும் சேலத்தில்தான் இருக்கிறாள். தேவகுமாரிக்கு இதெல்லாம் தெரியும்; பயம் அப்படியேதான் இருந்தது. பதினொரு பேருக்கும்கூடத் தெரிந்திருக்கும்.

லேசாகத் தூறல் விழுந்தது. மே மாத மழை, பிடித்தால் ஒரு மணி நேரம் அடிக்கும். ஒருத்தி சந்தைப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள். அவ்வளவுதான், யாரும் நகரவில்லை.

பழனியம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். ஈர மண்ணைக் கையால் ஒருமுறை தள்ளிவிட்டு, "உக்காரு கண்ணு" என்றாள்.

தேவகுமாரி குனிந்து பார்த்தாள். கை வழக்கம்போலக் கட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துத் தரையில் ஊன்றி, பழனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை வலுத்தது. சேகர் நின்றுகொண்டிருந்தான்.